ஆறுதலுக்கும் ஓர் எந்திரமா?

2023 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதையொட்டி, டென்னசி மாநிலத்திலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பீபாடி கல்லூரி தன் மாணவர்களுக்கு ஆறுதல் மடல் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியது. அதன் அடியில், 'சாட்ஜிபிடி' என்னும் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் எழுதப்பட்டதாக ஒரு குறிப்பு! மாணவர்கள் வெகுண்டனர்; கல்லூரி மன்னிப்புக் கோரியது.

மடலின் சொற்களில் குற்றமில்லை. எச்சொல்லுக்குப் பின் எச்சொல் வரும் என்பதை எந்திரம் நன்கறியும். இழப்பை அது அறியாது. மய்யித்து வீட்டில் நம் நா தடுமாறுகிறது. அத்தடுமாற்றமே நாமும் துயருறுகிறோம் என்பதற்குச் சான்று.

அலுவலக விண்ணப்பங்களுக்கு எந்திரத்தை நாடுங்கள்; தவறில்லை. துயருற்றோருக்கு எழுதும் இரண்டு வரிகளையேனும் நீங்களே எழுதுங்கள்.