முதல் மழைக்கு வீட்டுத்தோட்டம்

ஊர் திரும்பியதும் கிடைக்கும் உலர் உணவு நிவாரணம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. அதில் மரக்கறியோ பழமோ இருப்பதில்லை. நிவாரணம் நிற்கும்போது உங்கள் வளவில் ஏதாவது காய்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு, எதை முதலில் நடுவது என்று இப்போதே திட்டமிடுங்கள்.

மண்வெட்டி எடுக்க முன்

உங்கள் காணி மிதிவெடி அகற்றப்பட்டு, பாவனைக்கு விடப்பட்டுள்ளதா எனக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். துப்புரவு செய்த காணியிலும் அவதானம் தேவை. பற்றைகளுக்கோ குப்பைக்கோ தீ வைக்க வேண்டாம். மறைந்து கிடக்கும் வெடிபொருள் சூட்டில் வெடிக்கலாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிச் சென்று அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

எதை எப்போது நடலாம்?

வன்னியில் காலபோக மழை பொதுவாக ஒக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே பாத்திகளை மேடாக அமைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெள்ளம் நின்று வேர் அழுகும்.

* கீரை: விதைத்து மூன்று, நான்கு கிழமைகளில் கறிக்கு எடுக்கலாம்.
* வெண்டி, பயற்றை: நேரடியாக விதையுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதங்களில் காய் பறிக்கலாம்.
* கத்தரி, மிளகாய், தக்காளி: செப்டெம்பரில் தவாறணையில் விதைத்தால், மழையோடு கன்றுகளை நடலாம்.
* முருங்கை: வேலியோரம் தடியாக ஊன்றுங்கள். காய்க்க முன்பே இலை கறிக்கு உதவும்.
* பப்பாசி, வாழை: பலன் தர ஏறக்குறைய ஒரு வருடம் செல்லும். ஆகவே இவற்றையும் முதல் மழையிலேயே நடுங்கள். மா, தேசி, தோடைக்கு இன்னும் சில வருடங்கள் தேவை.

முருங்கையிலை, கீரை, பழுத்த பப்பாசி ஆகியவற்றில் விற்றமின் ஏ உண்டு. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் இவற்றைத் தவறாமல் கொடுங்கள்.

மழை ஓய்ந்த பின்

பாத்திகளைச் சருகாலோ வைக்கோலாலோ மூடினால் ஈரம் நிற்கும். பாத்திரம் கழுவிய நீரை வாழையடிக்கு விடுங்கள். நீண்டகாலம் பாவிக்காத கிணற்றை இறைத்துத் துப்புரவு செய்யும் வரை அதன் நீரைக் குடிக்க வேண்டாம்.

சேர்ந்து செய்ய வேண்டியவை

கட்டாக்காலி மாடுகள் ஒரே இரவில் தோட்டத்தை அழித்துவிடும். தனித்தனியாக வேலி அடைக்கச் செலவு அதிகம். அயலவர் நான்கைந்து பேர் சேர்ந்து, பொது எல்லையைச் சுற்றிக் கிளிசரியாக் கதியால் நட்டால் செலவு குறையும். அதன் இலை பசளைக்கும் ஆகும். தவாறணையையும் பொதுவாகவே போடலாம்.

விதையையும் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பயிரிலும் நல்ல செடிகள் இரண்டு, மூன்றைப் பறிக்காமல் விட்டு, காய் நன்றாக முற்றியபின் விதை எடுங்கள். நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, போத்தலில் இறுக மூடி வையுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியைப் போல விளையாது. ஆகவே ஊர் இனங்களிலிருந்தே எடுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு பிடி விதை பெற்றவர் அறுவடையின் பின் இரண்டு பிடியாகத் திருப்பிக் கொடுத்தால், அடுத்து ஊர் திரும்பும் குடும்பத்துக்கும் விதை இருக்கும்.

பூச்சி, நோய் பற்றிய சந்தேகங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அல்லது கமநல சேவை நிலையத்தை நாடுங்கள்.