உங்களுக்குத் தெரியுமா? – துணையோடும் தனியாகவும் ஓட்டு

கை விரல்கள் இல்லாத வாக்காளருக்கு அடையாள மை எங்கே வைப்பார்கள், தெரியுமா? 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளிலேயே இதற்கு விடை இருக்கிறது. இடது ஆள்காட்டி விரல் இல்லாவிட்டால் அதே கையின் வேறொரு விரலில். இடது கையில் விரலே இல்லை என்றால் வலது ஆள்காட்டி விரலில். இரு கைகளிலும் விரல் இல்லை என்றால், கை எதுவரை இருக்கிறதோ அந்த நுனியில். கையில்லாதவரும் ஓட்டுப் போட வந்து நிற்பார் என்று எண்ணி எழுதிய விதி இது. எண்ணிப் பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

பார்வையில்லாதவரோ, பொத்தானை அழுத்த முடியாதவரோ தமக்கு ஒரு துணையை உள்ளே அழைத்துப் போகலாம். அதே விதிகளில் 49என் விதி சொல்வது இது. துணைக்கு வருபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். தெருவில் உள்ள முதியவர்களை எல்லாம் வரிசையாகக் கூட்டிப்போக முடியாது. பார்த்த ஓட்டை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பூத் அலுவலர் தாமே துணையாகிவிடக் கூடாது. யாரை அழைப்பது என்பது வாக்காளர் விருப்பம்.

ஆனால் துணை கட்டாயம் இல்லை! இது பலருக்குத் தெரிவதில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தில் நீலப் பொத்தான்களின் ஓரமாக 1 முதல் 16 வரை பிரெய்ல் எண்கள் உண்டு. 2004இல் அன்றைய ஆந்திரத்தின் ஆசிப் நகர் இடைத்தேர்தலில் முதலில் சோதித்தார்கள்; 2006இல் தமிழகத்திலும் ஒரு தொகுதியில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது எங்கும் இருக்கிறது. பூத்தில் பிரெய்லில் அச்சிட்ட மாதிரி வாக்குச்சீட்டு ஒன்றும் இருக்க வேண்டும். அதைத் தடவிப் படித்து, தம் வேட்பாளரின் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, தனியாக உள்ளே போகலாம். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் எண்ணை மட்டும் தடவினால் எந்த எண் யாருடையது என்று எப்படித் தெரியும்? பிரிட்டனில் இதே குறையோடு தடவிப் பார்த்து ஓட்டுப் போடும் கருவி ஒன்று இருந்தது. வேட்பாளர் பெயர் தெரியாமல் இடத்தை மட்டும் காட்டும் அந்த ஏற்பாடு போதாது என்று 2019 மே மாதம் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம்மிடமும் ஒரு குறை தீராமல் கிடக்கிறது. ஓட்டுப் போட்டதும், அதைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி சீட்டுத் தெரியும். பார்வையுள்ளவர் சரிபார்த்துக்கொள்வார். பார்வையில்லாதவருக்குக் கிடைப்பது 'பீப்' சத்தம் மட்டும். போட்ட ஓட்டு எங்கே விழுந்தது என்பதைக் காதில் சொல்லும் வசதி வேண்டும். 1985இல் எஸ்.எம்.ஏ. ஜின்னா என்பவர் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கிய மதுரையிலிருந்து இதை உரக்கக் கேட்கலாம்.

வாக்குச்சாவடிக்குள் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். பள்ளிக்கூட வராந்தா இரண்டடி உயரம் என்றால் 24 அடி வேண்டும். குட்டையாக, செங்குத்தாகப் போட்டால் சக்கர நாற்காலி ஏறாது, பின்னால் தள்ளுபவர் மூச்சு வாங்குவார். வாக்குச்சாவடிகளில் மரச் சாய்தளமாவது போடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2004 ஏப்ரலில். எல்லா வாக்குச்சாவடியும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 11, கட்டளையே இட்டுவிட்டது. உள்ளாட்சித் தேர்தல் நடத்தும் மாநில ஆணையத்துக்கும் அது பொருந்தும். 2019 ஏப்ரல் 18 நினைவிருக்கிறதா? மீனாட்சியம்மன் தேரோட்டமும் மக்களவைத் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. மதுரையில் இரவு 8 மணி வரை ஓட்டுப் போடலாம் என்றார்கள். தேருக்காக நேரத்தை நீட்ட முடிந்ததே, சாய்தளத்தையும் நீட்டுங்கள். கே.கே. நகர் எண்பதடி ரோட்டுப் பக்கத்துப் பள்ளிகளில் தொடங்கலாம்.

மனநலச் சிகிச்சை பெறுவதால் ஓட்டுரிமை போய்விடாது. உரிய நீதிமன்றம் ஒருவரை மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்தால்தான் பட்டியலில் இடமில்லை. அதே 2019 தேர்தலில் சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குள்ளேயே வாக்குச்சாவடி வைத்து அங்கிருந்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

பூத்துக்கு வரவே முடியாதவருக்கு வீட்டுக்கு வரும் தபால் ஓட்டு இருக்கிறது. 2019 அக்டோபரில் விதியைத் திருத்தினார்கள். தமிழகத்தில் 2021 சட்டமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று வேண்டும். 85 வயதைத் தாண்டியவர்களுக்கும் உண்டு. முன்பு 80 என்றிருந்ததை 2024இல் ஏற்றிவிட்டார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. படிவம் 12டி-யை வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே கொண்டுவருவார். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் பூர்த்தி செய்து தர வேண்டும். இந்த ஐந்து நாளைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம் வருந்துகிறார்கள். பிறகு அலுவலர் குழு வீடியோ கேமராவோடு வரும். ஆனால் யாருக்குப் போடுகிறீர்கள் என்பதை அந்தக் கேமராவும் எடுக்கக் கூடாது. ஒருமுறை இதற்கு ஒப்புக்கொண்டால் பூத்தில் போய்ப் போட முடியாது, ஆகவே யோசித்துக் கையெழுத்திடுங்கள்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே மாற்றுத்திறனாளி என்ற குறிப்பு இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் படிவம் 8 கொடுங்கள். சந்தேகம் இருந்தால் 1950க்குப் போன் செய்யலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் செயலியிலேயே முன்கூட்டிச் சொல்லி வைக்கலாம்.