கல்வீதியில் இரண்டு நாள்

துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தை வீதியோரத்தில் நின்று பார்க்கப் போகிறவனைக் கண்டு ஒருவர் நகைப்பாராயின், அவரிற் குற்றஞ் சொல்வதற்கில்லை. காற்பந்தாட்டம் பார்ப்பவனுக்கு ஒன்றரை மணி நேரமாவது பந்து கண்ணிற் படும். கிரிக்கெற் பார்ப்பவனுக்கோ நாள் முழுவதும் விருந்து. சைக்கிளோட்டம் பார்ப்பவன் விடியுமுன் எழுந்து, உணவுப் பொட்டலம் கட்டி, ரயிலேறி, வயல் வரம்பில் நடந்து, நான்கு மணி நேரம் குளிரிற் காத்து நின்று, சில விநாடிக் காட்சியைக் கண்டுவிட்டுத் திரும்புகிறான். தேர் பார்க்க நிற்கும் சனக்கூட்டத்துக்கு அக்கூட்டத்தை ஒப்பிடலாம். ஆனால் நம்முடைய தேர் அசைந்து அசைந்து வந்து, கண்ணாரக் கண்டு கும்பிட அவகாசந் தந்து நகரும். இந்தத் தேரோ கண்ணிமைத்தாற் போய்விட்டது.

அவ்வாறிருந்தும் ஆண்டுதோறும் பிரான்சின் வடகோடியில், பெல்ஜிய எல்லையை அண்டிய பீற்றுக்கிழங்கு வயல்களின் நடுவே, ஆயிரக்கணக்கானோர் இப்படி வந்து நிற்கிறார்கள். பாரிஸ்–ரூபே என்னும் பந்தயத்துக்காகவே அவர்கள் வருகிறார்கள். 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 2ஆந், 3ஆந் திகதிகளாகிய சனியும் ஞாயிறும் அவர்களுள் ஒருவனாக நானும் நின்றேன். வழமையாக ஏப்பிரலில் நடப்பது, நோய்த்தொற்றின் காரணமாக அவ்வருடம் இலையுதிர் காலத்துக்குப் பிற்போடப்பட்டிருந்தது. முந்திய வருடம் நடக்கவேயில்லை.

பந்தயத்தின் பெயரில் பாரிஸ் இருப்பினும், 1977 முதல் அது கொம்பியேன் என்னும் பட்டினத்திலிருந்தே புறப்படுகிறது. முடிவிடமான ரூபே ஒரு காலத்தில் நெசவாலைகளாற் செழித்த நகரம். அங்கே சைக்கிளோட்ட மைதானமொன்றைக் கட்டிய இரண்டு ஆலை முதலாளிகள், தம் மைதானத்துக்குப் பெயர் தேட எண்ணி, 1896இல் இப்பந்தயத்தைத் தொடக்கினார்கள். முதன்முதலில் வென்றவர் யோசெப் பிஷர் என்னும் ஜெர்மனியர். முதலாம் உலகப்போர் முடிந்தபின் 1919இல் மீண்டும் பந்தயம் நடத்தலாமா என்று பாதை பார்க்கச் சென்றவர்கள், குண்டுக் குழிகளையும் எரிந்த மரங்களையும் இடிந்த கிராமங்களையுங் கண்டு எழுதியபோது பிறந்த பெயரே ‘வடதிசை நரகம்’ என்பது. கல்வீதியின் கொடுமையால் வந்த பெயரென்று இன்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது போரின் பெயர்.

ஆயினும் கல்வீதியின் கொடுமையுஞ் சாமானியமானதன்று. அக்காலத்து வண்டிப் பாதைகள் அவை. சதுரமாக வெட்டிய கற்களை மண்ணிற் பதித்து, நடுவே முதுகுபோல் உயர்த்தி, இரு மருங்குஞ் சரித்து அமைத்திருக்கிறார்கள். கிழங்கு ஏற்றிய கனவண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கியதால், ஒரு கல் எழுந்தும் மறுகல் தாழ்ந்தும் கிடக்கின்றன. ஆண்கள் ஓடும் ஏறத்தாழ 258 கிலோமீற்றரில் 55 கிலோமீற்றர் இத்தகைய கல்வீதி. அதனை முப்பது துண்டுகளாக வகுத்து, கடைசியிலிருந்து பின்னோக்கி இலக்கமிட்டு, கடினத்துக்கேற்ப ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டவீரர்கள் அகலமான டயர்களைப் பூட்டி, காற்றையுங் குறைத்தே அடைப்பார்கள். உலர்ந்த நாளாயின் ஓரத்து மண்விளிம்பிலே சறுக்கிச் செல்வோர் உண்டு. மழை நாளில் அந்த விளிம்பு சேறாகிவிடும். அப்பொழுது நடுமுதுகைத் தவிர வேறு புகலிடம் இல்லை.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இப்பகுதிக் கிராமசபைகள் கல்வீதிகளைத் தம் ஊரின் ஏழ்மைக்குச் சாட்சியமாகக் கருதி, ஒவ்வொன்றாகத் தார் போட்டு மூடத் தலைப்பட்டன. பந்தயம் நடத்துவோர் புதிய கல்வீதிகளைத் தேடியலைய வேண்டியதாயிற்று. அப்பொழுது ஆரென்பேர்க் காட்டினூடே செல்லும் நேர்வீதியைக் காட்டிக் கொடுத்தவர் ஜான் ஸ்தப்லின்ஸ்கி. போலந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. இளமையில் அவ்விடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1962இல் உலகச் சாம்பியனானவர். அந்த வீதி 1968இல் பந்தயத்துட் சேர்ந்தது. அதன் அடியிலே கரி வெட்டி, அதன் மேலே பந்தயமும் ஓடிய ஒரே மனிதர் அவரென்று அவ்வூரார் பெருமையோடு சொல்வார்கள். சுரங்கம் 1989இல் மூடப்பட்டுவிட்டது. அதன் இரும்புக் கோபுரங்கள் மட்டும் காட்டின் வாயிலிலே நிற்கின்றன.

இன்று அதே கற்களைக் காப்பதற்கென்று ‘பாரிஸ்–ரூபே நண்பர்கள்’ என ஒரு சங்கம் இருக்கிறது. ஓய்வு நாட்களில் அதன் தொண்டர்கள் மண்வெட்டியும் சுத்தியலுமாக வந்து, பெயர்ந்த கற்களைத் திரும்பப் பதிக்கிறார்கள். தோட்டக்கலை பயிலும் மாணவரும் அவர்களோடு சேர்ந்து உழைக்கிறார்கள். ஆரென்பேர்க்கில் கல்லிடுக்குப் புல்லை மேய்வதற்கு அண்மை ஆண்டுகளில் ஆடுகளையும் விட்டிருக்கிறார்கள். பார்க்க வருவோரிற் சிலர் நினைவுப் பொருளென்று கல்லைப் பெயர்த்துக்கொண்டு போவதுமுண்டு. தூக்கவே கைவலிக்கும் கல்லை ரயிலில் எடுத்துப் போகும் பக்தியை என்னவென்பது!

சனிக்கிழமை நான் நின்ற இடம் மொன்ஸ்-ஆன்-பெவெல். ஐந்து நட்சத்திரம் பெற்ற மூன்று கிலோமீற்றர்த் துண்டு. 1304இல் பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பின் சேனையும் பிளெமியர் சேனையும் பொருத களம் அதுவே. அன்றும் பிளெமியர் வந்திருந்தார்கள். மஞ்சள் நிறத்திற் கருஞ்சிங்கம் பொறித்த தம் கொடிகளை நட்டு, மடக்கு நாற்காலிகளில் அமர்ந்து, தாம் கொண்டுவந்த பியரை அயலானுக்கும் நீட்டினார்கள். இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த குணங்களில் ஒன்று, வீதியோரத்திற்கு நுழைவுச்சீட்டு இல்லை என்பது. வைத்தியரும் உழவரும் ஒரே சேற்றில் நிற்கிறார்கள்.

அந்தச் சனி ஏனைய சனிக்கிழமைகளைப் போன்றதன்று. பாரிஸ்–ரூபே தொடங்கி 125 ஆண்டுகளின் பின் முதன்முறையாகப் பெண்களுக்கென ஒரு பந்தயம் அன்றுதான் நடந்தது. 2020இல் அறிவித்துக் கைவிடப்பட்டு, 2021 ஏப்பிரலிலிருந்தும் தள்ளப்பட்டு, ஒருவாறு அன்று நிறைவேறியது. கல்வீதி பெண்களுக்கு ஏற்றதன்று என்னும் பேச்சுப் பல காலமாக உலவியது. இத்தனைக்கும் அதே கற்களின்மேல் அவ்வூர்ப் பெண்கள் தலைமுறைகளாக வயலுக்கும் ஆலைக்கும் நடந்திருக்கிறார்கள்.

தூரம் 116 கிலோமீற்றர். தொடக்கம் டெனான் என்னும் ஊரில். கல்வீதித் துண்டுகள் பதினேழு. மழையில் நனைந்த கற்கள் கறுத்து மின்னின. பக்கத்தில் நின்றவர்களின் கைத்தொலைபேசிகளிலிருந்தே செய்தி வந்தது. முதலாவது கல்வீதிக்கு முன்னரே, இன்னும் 82 கிலோமீற்றர் எஞ்சியிருக்கும்போது, ஒருத்தி தனியே பிரிந்து விட்டாளாம். இங்கிலாந்தின் லிஸி டெய்க்னன். 2015இல் உலகச் சாம்பியனாக இருந்தவர். ஒரு பெண் குழந்தையின் தாய். ஆனால் அன்று அவருடைய அணி நம்பியிருந்தது அவரையன்று. முன்னே சென்று, பின்னால் வரும் தன் தலைவிகளுக்குத் துணையாக இருப்பதே அவருடைய வேலை. அத்தகையவர் வெகுநேரம் தாக்குப் பிடிக்க மாட்டாரென்று கூட்டத்தில் எல்லாரும் எண்ணினார்கள்.

முதலில் ஹெலிகொப்டரின் ஓசை. பிறகு மோட்டார் சைக்கிள்கள். கூட்டத்தின் பேச்சு சட்டென்று நின்றது. அதன் பின்னர் கேட்டதை எழுத்திற் காட்டுவது கடினம். சட்டியுள் ஆணிகளைப் போட்டுக் குலுக்கினாற் போன்ற ஓர் ஓசை வரவரப் பெரிதாகி வந்தது. தொலைக்காட்சியில் அது கேட்பதில்லை. சங்கிலியும் சக்கரமும் கல்லில் மோதும் ஒலி அது. டெய்க்னன் தனியே வந்தார். பின்சக்கரம் வழுக்கியது, நிமிர்ந்தது, மறுபடி வழுக்கியது. முகத்திற் சேறு. கைகளில் உறை இல்லை. மூன்று எண்ணுமுன் போய்விட்டார்.

அதன்பின் நிமிடங்கள் கழிந்தன. பிறகே ஏனையோர் வந்தார்கள். ஒருவர், இருவர், ஐவர். இதனைத் தொலைக்காட்சி காட்டாது. அதன் கண் முன்னே செல்பவருடன் போய்விடும். வீதியோரத்தில் நிற்பவனுக்கோ கடைசியானவர் வரை வருவார்கள். நேரங் கடந்து விட்டதென்றும், முடிவிடத்தை அடைந்தாலும் கணக்கிற் சேராதென்றும் தெரிந்தும், பல்லைக் கடித்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் பிளெமியக் கிழவர்கள் அதிகமாகக் கைதட்டினார்கள். சில விநாடிக் காட்சியென்று மேலே சொன்னேன். முதலாமவரை மட்டும் பார்க்க வந்தவனுக்கே அது பொருந்தும்.

டெய்க்னனை எவரும் பிடிக்கவில்லை. நெதர்லாந்தின் மரியான் வோஸ் கடைசிக் கல்வீதிகளில் விரட்டி வந்தும், ஒரு நிமிடமும் பதினேழு விநாடியும் பிந்தியே ரூபே மைதானத்தை அடைந்தார். டெய்க்னனின் அணித் தலைவியாகிய இத்தாலியின் எலிசா லோங்கோ போர்கினிக்கு மூன்றாமிடம். வென்றவர் கையை எடுத்தபோது, வண்டியின் பிடியிற் சுற்றிய நாடாவில் இரத்தக்கறை இருந்தது. அந்தப் படத்தை மறுநாட் பத்திரிகைகளிற் பலரும் பார்த்திருப்பர்.

பரிசுத் தொகையையும் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை வென்ற பெண்ணுக்கு 1,535 யூரோ. ஞாயிற்றுக்கிழமை வெல்லும் ஆணுக்கு 30,000 யூரோ. ஆண்கள் ஓடுந் தூரம் இரு மடங்கிலுஞ் சற்று அதிகம் என்பது மெய். பரிசோ ஏறத்தாழ இருபது மடங்கு. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிச் சிறுவனும் ஒப்பமாட்டான். டெய்க்னனின் அணியே குறையைத் தன் பணத்தால் நிரப்ப முன்வந்தது. பின்வந்த ஆண்டுகளில் பெண்களுக்கான தொகை உயர்த்தப்பட்டது. உயர்த்துவதற்கு முதலில் ஒருத்தி இரத்தஞ் சிந்த வேண்டியிருந்தது போலும்.

ஞாயிறன்று மழை விடாமற் பெய்தது. 2002க்குப் பின்னர் நனைந்த பாரிஸ்–ரூபே இதுவே முதலாவது. அந்த நாளில் ஆரென்பேர்க் சென்று நிற்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முடிவைக் காண ரூபே மைதானத்துக்கே போனேன். அது திறந்தவெளியில் அமைந்த பழைய சீமெந்து வளையம். கல்வீதிகளைக் கடந்து வருபவர்கள் அதில் ஒன்றரைச் சுற்று ஓடி முடிக்க வேண்டும். அருகிலுள்ள குளிப்பறைகளில் தாழ்ந்த சீமெந்துச் சுவர்களால் தடுத்த சிறு சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் பழைய வெற்றியாளர் ஒருவரின் பெயர் பித்தளைத் தகட்டிற் பொறித்திருக்கிறது.

மைதானத்திற் காத்திருப்போர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரர்கள் ஆரென்பேர்க்கினுள் நுழைந்தபோது எங்கும் அமைதி நிலவியது. 1998இல் பெல்ஜியத்தின் யொஹான் முசேவ் அங்கேதான் விழுந்து முழங்காற் சில்லு நொறுங்கினார். காயத்திற் கிருமி புகுந்து காலையே இழக்கும் நிலை ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளின் பின், 2000இல், இதே மைதானத்துட் தனியாக வந்து, முடிவுக்கோட்டில் காலைத் தூக்கி அந்த முழங்காலைச் சுட்டிக் காட்டினார். 2002இல் மீண்டும் வென்றார். அயலில் நின்றவர்கள் இதனை நேற்று நடந்ததுபோற் பேசினார்கள்.

அன்று இரக்கத்துக்குரியவர் இத்தாலியின் ஜியானி மொஸ்கோன். ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் மீதியிருக்கையில் தனியே பிரிந்து, ஒரு நிமிடத்துக்கு மேல் முந்தியிருந்தார். ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் இருக்கையில் டயர் காற்றுப் போயிற்று. வண்டியை மாற்றிப் புறப்பட்டவர் சிறிது தூரத்தில் கல்லில் வழுக்கி விழுந்தார். எழுந்து ஓடினார். பின்வந்தோர் பிடித்து விட்டார்கள். மைதானத்திலிருந்த இத்தாலியர்களின் பெருமூச்சு, வெவ்வேறு நாட்டார் நிறைந்த அந்த இடத்தில் எல்லாரிடமிருந்தும் எழுந்ததுபோற் கேட்டது.

கடைசியில் மூவர் உள்ளே வந்தார்கள். இத்தாலியின் சோனி கொல்பிரெல்லி, பெல்ஜியத்தின் இருபத்திரண்டு வயது புளோரியன் வெர்மேர்ஷ், நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல். மூவருக்கும் அதுவே முதலாவது பாரிஸ்–ரூபே. சட்டையின் நிறந் தெரியவில்லை. மண்ணாற் செய்த மூன்று பொம்மைகள் சுற்றி வந்தன. வெர்மேர்ஷ் முதலிற் பாய்ந்தார். கொல்பிரெல்லி அவரைக் கோட்டருகே மேவினார். பின்னர் வண்டியைத் தலைக்குமேல் உயர்த்திக் கதறினார். புல்லில் விழுந்து அழுதார். 1999க்குப் பின் ஓர் இத்தாலியர் இங்கு வென்றது அன்றுதான். பரிசுக் கிண்ணத்துக்குப் பதிலாக இங்கே கொடுப்பது ஒரு கல். வீதியிற் பதிக்கும் அதே கல்லைப் பீடத்திற் பொருத்திக் கொடுப்பார்கள். பெண்களின் வெற்றியாளருக்கும் அதே கல்தான். அதில் மட்டும் வேற்றுமை செய்யவில்லை.

அந்த மனிதரை அதே கல்வீதியில் மறுபடி எவரும் காணவில்லை. 2022 மார்ச்சில் ஸ்பெயினில் நடந்த பந்தயமொன்றின் முடிவுக்கோட்டருகே கொல்பிரெல்லியின் இதயம் நின்றது. வைத்தியர்கள் காப்பாற்றினார்கள். அவ்வாண்டு முடிவில் அவர் ஓய்வு பெற்றார்.

2022 ஏப்பிரலில், ஆறே மாதத்தின் பின்னர், பெண்கள் இரண்டாவது முறையாக அக்கற்களில் ஓடினார்கள். இம்முறை தனியே மைதானத்துட் புகுந்தவர், டெய்க்னன் யாருக்காக முன்னே சென்றாரோ, அந்த எலிசா லோங்கோ போர்கினி.