குறி தவறாத துவக்கு

கனடாவிற் குடியேறி வாழும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற விடுமுறையிலே பொரளையிலுள்ள எம் இல்லத்துக்கு வந்திருந்தார். மான் வேட்டைக்கென அரைத்தானியங்கி றைபிள் ஒன்றை அவர் வாங்க எண்ணியிருந்தார். நண்பருடைய துவக்கினால் 100 யார் தூரத்திற் சுட்ட காகிதமொன்றை எடுத்து என் முன் விரித்தார். மூன்று துளைகளும் ஓர் அங்குலத்துள் அடங்கியிருந்தன. "சேர், இதைவிட நல்ல துவக்கு கிடைக்குமா?" என்றார். "மற்றைக் காகிதங்கள் எங்கே?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

கலைப் பட்டதாரியாகிய எனக்குத் துவக்கைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் ஐயுறலாம். மாணவனொருவன் எழுதிய மூன்று பரீட்சைகளுள் மிகச் சிறந்ததை மட்டும் காட்டினால் அவனை மதிப்பிடலாகாது என்பதை முப்பது ஆண்டுகளாகக் கண்டவன் யான். துவக்கும் அத்தகையதே.

றைபிளின் குழலுக்குள்ளே திருகுசுருளாகத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றினூடே செல்லும் குண்டு பம்பரம்போற் சுழன்று நேரே பறக்கிறது. 1848 முதல் சில ஆண்டுகள் நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேய வேட்டைக்காரர் 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளொன்றை வைத்திருந்தார். அதன் குழல் 36 அங்குலம். அந்நீளத்துள் தவாளிப்பு ஒரே ஒரு முறை சுற்றிவரும். ஒரு வெடிக்குப்பின் மீண்டும் மருந்திட்டுக் கெட்டிக்கவேண்டியிருந்த காலம் அது.

அரைத்தானியங்கியில் அவ்வேலை இல்லை. விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு வெடி. பல வகைகளிலே, குண்டை உந்தும் வாயுவில் ஒரு சிறுபங்கு குழலிலுள்ள துளைவழியே பிரிந்து ஒரு தண்டைப் பின்னே தள்ளும். பூட்டுத் திறந்து வெற்றுக்கோது வெளியே எறியப்படும். வில்லின் விசையால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அசையும் உறுப்புகள் மிகுதியாதலின், கையாற் பூட்டும் றைபிளைவிட இது சற்றே பரவலாகச் சுடுவது வழக்கம். எனினும் வேட்டைக்கு அது பெருங்குறையன்று.

பின் எதனைப் பார்க்கவேண்டும்? குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி விழுதல் வேறு, குறியின் நடுவில் விழுதல் வேறு. நெருங்கி விழுந்தும் குறிக்கு இடப்பக்கமாக விழுமாயின், காண்குறியைத் திருகிச் சரிப்படுத்தலாம். அங்குமிங்கும் சிதறுமாயின் எத்திருகாணியும் உதவாது. மூன்று வெடிகள் தற்செயலாக நெருங்கிவிடும். பத்து வெடிகள் அவ்வளவு எளிதில் ஏமாற்றமாட்டா. ஆகையால் மணல்மூட்டையிற் சோங்கை அமர்த்தி, வேட்டைக்குக் கொண்டுசெல்லும் அதே வகைத் தோட்டாவினால், ஒரே காகிதத்திற் பத்து வெடி சுடவேண்டும். தோட்டா மாறினால் துவக்கின் குணமும் மாறும். குழல் சூடேறிவிட்டால் ஆறவிடவேண்டும். காட்டிலே விலங்கின்மேற் பாயும் முதற்குண்டு ஆறிய குழலிலிருந்து புறப்படுவதன்றோ! அம்முதற்குண்டை வெவ்வேறு நாட்களிற் சோதித்தல் இன்னும் நன்று.

இதனை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. 1970களின் இறுதியில், வன்னியில் என் மாமனார் ஒருவர் பயிர்காவலுக்கு இரட்டைக்குழல் துவக்கொன்று வாங்கினார். வேலிக்கம்பிற் கவிழ்த்த சிரட்டையை முதல் வெடியிலேயே உடைத்தார். அதுவே சோதனை முழுவதும். அடுத்த வாரம் வயலில் இறங்கிய பன்றியொன்றைச் சுட்டார். குண்டு பின்தொடையிற் பட்டது. பதற்றத்தில் விட்ட இரண்டாம் வெடி வரம்பிலே புதைந்தது. மூன்றாம் நாள் காகங்கள் காட்டிய வழியிற் சென்று குளக்கட்டின் கீழே அதனைக் கண்டோம். அன்று அவர் சோறு உண்ணவில்லை. அடுத்த தோட்டா தானே ஏறும் துவக்கு இப்பதற்றத்துக்கு இன்னும் இடங்கொடுக்கும் என்பது என் எண்ணம்.

மாணவருக்கு வேறொன்றும் சொன்னேன். கனடா அரசு 2020 மே மாதம் தொடக்கம் அரைத்தானியங்கிகளிற் பல வகைகளைத் தடைசெய்துள்ளது. ஆதலாற் கடைக்குப் போகுமுன் சட்டப்பட்டியலைப் பார்க்கவேண்டும். நம் நாட்டிலோ 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றித் துவக்கைத் தொடவே முடியாது.

இரண்டு மாதங்களின் பின் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரே காகிதம், பத்துத் துளைகள், மூன்றங்குலப் பரவல். 200 யாரில் அது ஆறங்குலமாகும். மானின் நெஞ்சிலே உயிர்நிலையின் அகலம் ஏறக்குறைய எட்டங்குலம். கைநடுக்கத்துக்கு மிஞ்சுவது சொற்பம். 150 யாருக்கு அப்பால் நிற்கும் மானைச் சுடுவதில்லையென்று படத்தின் கீழே எழுதியிருந்தார்.