சுவான்சோவில் அம்மாவும் நானும்

சீனா போகிறோம் என்றதும் வானொலி நிலையத்தில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “குவாங்சோவா? துணி வாங்கவா?” குவாங்சோ இல்லை, சுவான்சோ. பூஜியான் மாநிலத்தின் கடலோர நகரம். கிள்ளானில் எங்கள் அக்கம்பக்கத்துச் சீனக் குடும்பங்கள் பலவற்றின் தாத்தாக்கள் கப்பலேறியது இந்த வட்டாரத்திலிருந்துதான். எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் வேறு. 1281ஆம் ஆண்டு, குப்ளாய் கான் ஆட்சியில், ஒரு தமிழர் அங்கே சிவனுக்குக் கோயில் எடுத்துத் தமிழில் கல்வெட்டும் வைத்திருக்கிறார்.

அம்மாவைக் கூட்டிப் போனது கடைசி நேர முடிவு. அப்பா தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. கோயிலுக்குக்கூட வரமாட்டேன் என்று வீட்டோடு இருந்தவரை, “விசா வேண்டாம், டிக்கெட்டும் மலிவு, வாங்கம்மா” என்று இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிட்டது, வழிகாட்டி அம்மாதான் என்று. பசியாறப் போன கடையில் மீ சுவாவைக் குழையக் காய்ச்சிக் கஞ்சி போல் ஊற்றுகிறார்கள். நான் கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் தேடிக்கொண்டிருக்க, அம்மா கடைக்காரப் பெண்ணிடம், “ம் ஆய் கூ பா” என்றார். மாட்டிறைச்சி வேண்டாம். கடையே திரும்பிப் பார்த்தது.

அம்மா இருபது வருடம் கிள்ளானில் ஒரு ஹொக்கியன் மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். மாண்டரின் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் சுவான்சோவின் பெரியவர்கள் வீட்டில் பேசுவது இந்த மொழியைத்தான். இடையிடையே அம்மா பழக்கதோஷத்தில் ‘தாப்பி’ என்று மலாயைக் கலக்கும்போது மட்டும் அவர்கள் விழித்தார்கள். பணம் கட்டத்தான் என் உதவி தேவைப்பட்டது. அங்கே பெட்டிக்கடையிலும் கியூஆர் குறியீடுதான்.

அடுத்து கையுவான் கோயில். 686இல் தொடங்கிய புத்த ஆலயம். கூட்டம் முழுக்க 13ஆம் நூற்றாண்டின் இரட்டைக் கற்கோபுரங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனோம். அங்கே இரண்டு கல்தூண்கள், மற்ற தூண்களோடு ஒட்டாமல், வேறு ஊர்க்காரர்கள் போல நிற்கின்றன. பதினாறு பட்டை. நடுநடுவே சிறு சிற்பங்கள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். “ஏம்மா, இங்க பாரு. கண்ணன் உரல இழுத்துட்டுப் போறான். ரெண்டு பக்கமும் மரம்.” இன்னொன்றில் நரசிம்மர், மடியில் இரணியன். இடிந்துபோன கோயிலின் கற்களை, மிங் காலத்தில் மண்டபத்தைப் பழுது பார்த்தபோது எடுத்து இங்கே நட்டிருக்கிறார்கள். மண்டபத்தின் முன்மேடையிலும் வரிசையாக அதே வகைக் கற்கள்.

அருகில் நின்ற ஒரு சீனத் தாத்தா, அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா ஹொக்கியனில் கண்ணன் கதையை ஆரம்பித்தார். உரலுக்குச் சொல் கிடைக்காமல் கையால் இடித்துக் காட்டினார். வெண்ணெய்க்கு ‘மெந்தேகா’ என்றார். தாத்தாவுக்கு எவ்வளவு புரிந்ததோ, போகும்போது தூணை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

கல்வெட்டுக்கு வருகிறேன். 1956இல் இதே நகரில் கிடைத்தது. சம்பந்தப் பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்தி, கானின் அனுமதியோடு, கானின் உடல்நலத்துக்காகத் திருக்கானீஸ்வரமுடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது. சாமியின் பெயரிலேயே கானைச் சேர்த்துவிட்ட வியாபாரி மூளையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. ‘சோழர் கட்டிய சீனக் கோயில்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பாதீர்கள். சோழர் தூதர்கள் 1015இலேயே சீனா போனது உண்மை. ஆனால் 1281இல் சோழ ஆட்சியே முடிந்துவிட்டது. இது கடல் கடந்து வாணிபம் செய்தவர்களின் கோயில்.

கடல்சார் அருங்காட்சியகத்தில் யானை சிவலிங்கத்தைப் பூசிக்கும் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள். திருவானைக்காவல் கதை தெரிந்த யாருக்கும் விளக்கப் பலகை தேவைப்படாது. 1974இல் இந்த விரிகுடாவில் தோண்டியெடுத்த 13ஆம் நூற்றாண்டுக் கப்பலில் மிளகும் பாக்கும் இருந்தனவாம். பாக்கு என்றதும் அம்மா என்னைப் பார்த்தார். அப்பா வெற்றிலைப் பிரியர்.

வெளியே சாலையோரம் ஒரு மரம். “இது கல்யாண முருங்கையாச்சே!” ஆமாம், இந்த ஊரின் அடையாள மரமே அதுதான். அதன் சீனப் பெயரான ‘சிதோங்’தான் அரபு வணிகர் வாயில் ‘ஸெய்த்தூன்’ ஆகி, மார்க்கோ போலோ காலத்தில் நகரத்துக்கே பெயராக நின்றது. அம்மா இலையைக் கிள்ளி முகர்ந்தார். “எங்க கல்யாணப் பந்தல்ல நட்டாங்க,” என்றதோடு சரி.

மதியம் டாக்சியில் சேடியான் என்ற கிராமம். சின்னக் கோயில். உள்ளே நான்கு கைகளோடு ஒரு பெண் தெய்வம், காலடியில் ஓர் அசுர உருவம். ஊர்க்காரர்களுக்கு அவள் குவான் யின். நான் ‘இது நம்முடைய சிலை’ என்று விளக்க வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினார். மூன்று ஊதுவத்தி வாங்கிக் கொளுத்தி, அவர்கள் செய்கிற மாதிரியே கும்பிட்டார். எட்டு மாதத்தில் அவர் கைகூப்பிப் பார்த்தது அன்றுதான்.

கடைசியாக சுன்பு மீனவர் கிராமம். சிப்பி ஓடு பதித்த சுவர்கள். பெண்கள் கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்துக்கொள்கிறார்கள். நம் மல்லிகைச் சரம் இதற்கு முன் கொஞ்சம் அடக்கம்தான். 2023இல் இணையத்தில் பரவியதிலிருந்து தெருவெல்லாம் ஒப்பனைக் கடைகள், சுற்றுலாப் பயணிகள் தலையில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூ. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அங்கிருந்து உள்சந்துக்குத் திரும்பியபோது, எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி வாசலில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார். தலை நிறைய நிஜப் பூ.

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு நீண்டது. பாட்டி தன் கூடையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து நீட்ட, அம்மா கையை ஆட்டி மறுத்தார். வீட்டுக்காரர் இல்லை என்று சொன்னது எனக்கே புரிந்தது. பாட்டி சத்தமாகச் சிரித்து ஏதோ சொன்னார். அம்மா முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு தலையைக் குனிந்து கொடுத்தார். சிப்பி வாசனைக் கையாலேயே பாட்டி பூவைச் சுற்றிவிட்டார்.

“என்னம்மா சொன்னாங்க?”

“அவர் போய் முப்பது வருஷமாச்சாம். பூ என்னோடதுதானே, அவரோடதான்னு கேக்குறாங்க.”

குடும்பக் குழுவில் படம் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உங்க அத்தைங்க பார்ப்பாங்க. டாக்சியில் ஏறி ரொம்ப நேரம் கழித்து, “சரி, போடு,” என்றார்.

இரவு ஹோட்டலில் சரத்தைக் கழற்றி, பல் துலக்கும் குவளையில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு வைத்தார். காலையில் நான் எழுந்தபோது குவளை காலியாக இருந்தது. அம்மா கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தார்.