பரிசு என்றால் டிபன் பாக்ஸ் மட்டும்தானா?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



போன வருஷம் நம் மாணவர் பேரவை நடத்திய ஓவியப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ், ஒரு சான்றிதழ். மேடையில் கைதட்டல் கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா டிபன் பாக்ஸைக் கழுவி அடுக்கில் வைத்துவிட்டார்கள். "படம் வரைஞ்சா சோறு போடுமாடா?" என்று அப்பா கேட்டார். "சோறு வைக்க டப்பா கெடைச்சிருக்குல்ல" என்று தம்பி சொன்னான். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

காரணம், பரிசு வாங்கிய படம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை! நடுவர் மேஜையிலிருந்து அது எங்கோ போய்விட்டது. டப்பா இருக்கிறது, படம் இல்லை. அப்படியானால் அந்தப் பரிசு எதற்கு?

இந்தக் கேள்வி மனதில் இருந்த நேரத்தில்தான் ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்தேன். கருப்பினத் தொழிலாளர்கள் வரிசையாக நின்று, ஒரே தாளத்தில் பிக்காக்ஸ் ஓங்குகிறார்கள். பின்னால் கங்காணி போல ஒருவன் சின்னதாக நிற்கிறான். எங்க ஊர் ரோட்டு வேலையைப் பார்த்த மாதிரியே இருந்தது. வரைந்தவர் தென்னாப்பிரிக்காவின் ஜெரார்டு செகோட்டோ. அவரைத் தேடிப் படிக்கப் போய், ஆப்பிரிக்காவில் இளம் ஓவியர்களுக்காக நடக்கும் போட்டிகளைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டாம் பரிசு வாங்கிய வாத்தியார்

செகோட்டோ 1913-ல் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்தார். அப்போது ஃபோர்ட் ஹேர் கல்லூரி நடத்திய ஓவியப் போட்டிக்குப் படம் அனுப்பினார். இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கியவர் ஜார்ஜ் பெம்பா. அவரும் பின்னாளில் பெரிய ஓவியராகப் பேர் வாங்கினார்.

1938-ல், 25 வயதில், வாத்தியார் வேலையை விட்டுவிட்டு செகோட்டோ ஜோகன்னஸ்பர்க் போனார். 1940-ல் அந்த நகரத்து ஓவியக்கூடம் அவருடைய ஒரு படத்தை விலைக்கு வாங்கியது. ஒரு கருப்பின ஓவியரின் படத்தை அந்தக் கூடம் வாங்கியது அதுவே முதல் தடவை. 1947-ல் அவர் பாரிஸுக்குக் கிளம்பினார். அங்கே வரவேற்க ஆளில்லை, வரைய இடமில்லை. ராத்திரியில் மதுக்கூடத்தில் பியானோ வாசித்து வயிற்றைக் கழுவினார். 1993-ல் பிரான்சிலேயே காலமானார். ஊர் திரும்பவேயில்லை.

திறமை இருந்தது, பரிசும் கிடைத்தது. ஆனால் அந்தப் பரிசுக்கு அடுத்த படி என்று ஒன்று இல்லை. அதைத்தான் பிற்காலப் போட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டின.

பரிசாக ஒரு அறை

1980-களில் தென்னாப்பிரிக்காவில் ஃபோக்ஸ்காஸ் என்ற வங்கியின் பெயரில் ஓர் ஓவியப் போட்டி தொடங்கியது. பின்னர் அந்த வங்கி ஆப்சா என்ற பெரிய வங்கிக்குள் சேர, போட்டிக்கு 'ஆப்சா லா'டெலியே' என்று பெயர் வந்தது. 'அடெலியே' என்றால் பிரெஞ்சில் கலைஞனின் வேலைக்கூடம். நம்ம பாஷையில் ஒர்க்‌ஷாப் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதன் பெரிய பரிசு பணமாக மட்டும் இருக்கவில்லை. பாரிஸில் சேன் நதிக்கரையில் 'சித்தே அன்டர்நேஷனல் தெஸார்' என்று ஒரு கலைஞர் குடியிருப்பு 1965 முதல் இருக்கிறது. 300-க்கும் மேற்பட்ட அறைகள். உலகின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் இடம். வென்றவருக்கு அங்கே பல மாதம் தங்கி வரைய வாய்ப்புக் கிடைத்தது. 1986-ல் இந்தப் பரிசோடு பாரிஸ் போனவர் பென்னி சியோபிஸ். 1988-ல் வென்றவர் டயான் விக்டர், மெழுகுவர்த்திப் புகையாலேயே முகங்களை வரைந்து காட்டியவர்! இருவரும் இன்று அந்த நாட்டின் முக்கியமான ஓவியர்கள். பிற்பாடு மற்ற ஆப்பிரிக்க நாட்டு இளைஞர்களும் கலந்துகொள்ளக் கதவு திறந்தது.

இதே போட்டியில் இளம் தென்னாப்பிரிக்கக் கலைஞருக்காக ஒரு தனிப் பரிசும் வைத்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? ஜெரார்டு செகோட்டோ விருது! அதை வென்றவர்களும் பாரிஸ் போனார்கள். அவர் தன்னந்தனியாகப் போன ஊருக்கு, அவர் பெயரைச் சொல்லி அடுத்த தலைமுறை போனது.

பெட்ரோல் கம்பெனியின் ஓவியப் போட்டி

கெமிக்கல் பிரிவுத் தோழர்களுக்கு சாசோல் கம்பெனியைத் தெரிந்திருக்கும். நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் கம்பெனி. 1990-லிருந்து 'நியூ சிக்னேச்சர்ஸ்' என்ற போட்டிக்குப் பணம் கொடுத்தது அவர்கள்தான். போட்டியை நடத்தியது பிரிட்டோரியா கலைச் சங்கம். இதுவரை தனிக் கண்காட்சி வைக்காத புதுமுகங்களுக்கான போட்டி இது. வென்றவருக்குப் பணத்தோடு, மறுவருஷம் பிரிட்டோரியா அருங்காட்சியகத்தில் தனிக் கண்காட்சி.

2017-ல் இதை வென்றவர் லெபோஹாங் கன்யே. 1990-ல் பிறந்தவர். இவர் படித்தது ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள மார்க்கெட் போட்டோ ஒர்க்‌ஷாப்பில். நிறவெறிச் சட்டம் இருந்த காலத்திலேயே, 1989-ல், எல்லா இனத்தவரும் புகைப்படக்கலை கற்க வேண்டும் என்று டேவிட் கோல்ட்பிளாட் ஆரம்பித்த பட்டறை அது. பல்கலைக்கழகம் இல்லை தோழர்களே, பட்டறை!

2010-ல் கன்யேவின் தாயார் இறந்துபோனார். தாயின் உடைகளை உடுத்தி, பழைய போட்டோக்களில் தாய் நின்ற மாதிரியே நின்று படம் எடுத்து, இரண்டையும் ஒன்றாக இணைத்தார் அவர். பிறகு குடும்ப ஆல்பத்து உருவங்களை வெட்டி எடுத்து அசையும் படம் செய்தார். அந்தப் படம்தான் 2017-ல் பரிசு பெற்றது. 2018-ல் தனிக் கண்காட்சி நடந்தது. 2022-ல் வெனிஸ் கலைக் கண்காட்சியில் தன் நாட்டின் அரங்கில் இடம்பெற்றார். 2024-ல் லண்டனில் வழங்கப்படும் டாய்ஷ பூர்சே புகைப்பட விருதும் அவருக்குக் கிடைத்தது. பட்டறை, போட்டி, கண்காட்சி என்று ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஏற்றிவிட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்கா மட்டுமல்ல. செனகல் நாட்டின் டாக்கர் நகரில் 1992-லிருந்து ஓவியர்களுக்கான பெருவிழா நடந்து வந்திருக்கிறது. 1996-ல் அது ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கே உரிய விழாவானது. அதன் பெரிய பரிசுக்கு அந்நாட்டின் முதல் ஜனாதிபதியும் கவிஞருமான செங்கோரின் பெயர். நைஜீரியாவில் 2007-ல் தொடங்கிய ஆப்பிரிக்கக் கலைஞர் அறக்கட்டளை, ஒரு பீர் கம்பெனியின் ஆதரவோடு தேசிய ஓவியப் போட்டி நடத்தியது. அதே லாகோஸ் நகரில் யாபா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 1947-ல் தொடங்கிய அங்கே ஓவியத்துக்கும் டிப்ளமோ உண்டு. லேத்தும் தூரிகையும் ஒரே காம்பவுண்டுக்குள்!

நாணயத்தின் மறுபக்கம்

எல்லாம் நல்லதுதானா? இல்லை. நூற்றுக்கணக்கான பேர் படம் அனுப்பினால் ஜெயிப்பவர் ஒருத்தர்தான். பெரிய சிற்பத்தை லாரியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோக யாரிடம் காசு இருக்கிறது? கிராமத்துப் பையன் அங்கேயே தோற்றுவிடுகிறான். நடுவருக்கு எது பிடிக்கும் என்று பார்த்து வரையும் ஆபத்தும் உண்டு. பணம் கொடுக்கும் கம்பெனி தன் பெயருக்காகத்தான் கொடுக்கிறது. அது கையை விரித்தால் போட்டியே நின்றுபோகலாம். நிறவெறிக் காலத்தில் ஓவியக் கல்லூரியின் கதவே பெரும்பாலானவர்களுக்கு மூடியிருந்தது. படிக்க வழியில்லாத இடத்தில் போட்டி மட்டும் வைத்தால், ஏற்கெனவே படித்தவன்தான் ஜெயிப்பான். பட்டறையும் வேண்டும், போட்டியும் வேண்டும்.

பேரவைக்கு ஒரு மனு

அப்பாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. போட்டி சோறு போடாது. ஆனால் அடுத்த படத்தை வரைய இடமும் நேரமும் கொடுக்கிற பரிசாக இருந்தால், அது ஒருத்தனை ஓவியனாகவே நீடிக்க வைக்கும்.

பாரிஸ் டிக்கெட் நம்மால் முடியாது. சரி, முடிந்ததைச் செய்வோமே! போட்டிக்கு வந்த எல்லாப் படங்களையும் ஒரு மாதம் நூலகத்தில் மாட்டுவோம். ஒவ்வொரு படத்துக்கும் நடுவர் 2 வரி கருத்து எழுதட்டும். டிபன் பாக்ஸ் வாங்கும் காசுக்கு ஷீட்டும் கலரும் வாங்கிக் கொடுப்போம். ஜெயித்தவனுக்கு சனிக்கிழமை மத்தியானம் டிராயிங் ஹாலைத் திறந்து விடுவோம். கடைசியாக, படத்தை வரைந்தவனிடமே திருப்பிக் கொடுப்போம்.

இதை எனக்காகக் கேட்கவில்லை. பரீட்சை முடிந்ததும் நான் வெளியே போகிறவன். ஆனால் முதலாமாண்டில் ஒரு தம்பி, இன்ஜினியரிங் டிராயிங் ஷீட்டின் பின்பக்கத்தில் பஸ் ஸ்டாண்டையே வரைந்து வைத்திருப்பதைப் பார்த்தேன். என் படம் போன இடத்துக்கு அவன் படமும் போகக்கூடாது. செய்வீர்களா, பேரவைத் தோழர்களே?