கனவுக்குக் குளிசை உண்டா?

வருமான வரிப் படிவம் நிரப்பும் காலத்தில் லாச்சப்பலில் உள்ள எனது சின்ன அலுவலகத்துக்குப் பலர் பிளாஸ்டிக் பையோடுதான் வருவார்கள். வருடம் முழுக்கச் சேர்ந்த கடதாசி எல்லாம் அதற்குள் இருக்கும். இந்த முறை ஒரு தம்பி கொண்டுவந்த பையில் இரண்டு பற்றுச்சீட்டுகள் ஒன்றாகக் கிடந்தன. ஒன்று, இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுக்கும் பீட்டா புளொக்கர் குளிசைக்குரியது. மற்றது, இணையத்தில் அமெரிக்காவிலிருந்து எடுப்பித்த கலன்டமின் என்ற குளிசைக்குரியது.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"கனவுக்கு, அண்ணை."

2009 மே மாதம் வட்டுவாகலில் பிரிந்துபோன தமையன் அடிக்கடி கனவில் வருகிறாராம். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் சனத்துக்குள் போய்விடுவாராம். "கனவெண்டு எனக்கு அந்த நேரம் தெரிஞ்சால், ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு நிப்பாட்டிக் கேப்பன்."

என்ன கேட்பார் என்று நான் கேட்கவில்லை.

நான் மருத்துவன் அல்ல, வணிகம் படித்த கணக்காளன். ஆனாலும் அந்தக் குளிசையைப் பற்றித் தேடி வாசித்தேன். எங்கள் வீடுகளில் இப்படிக் கனவு காண்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

கனவு காணும்போதே "இது கனவு" என்று அறிந்திருப்பதைத் தெளிகனவு எனலாம். இது கட்டுக்கதை அல்ல. இதே பாரிஸில் ஹெர்வே த சேன் தெனி என்பவர் பதின்மூன்றாவது வயதிலிருந்து தன் கனவுகளைக் கொப்பியில் எழுதிவந்து, 1867இல் கனவுகளை வழிநடத்தும் முறைகள் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். 2021இல் பிரான்ஸ், அமெரிக்கா, ஜேர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நித்திரையில் இருந்தவரிடம் 8இலிருந்து 6 கழித்தால் எவ்வளவு என்று கேட்க, அவர் கனவுக்குள் இருந்தபடியே கண்ணை இரண்டு தரம் அசைத்துப் பதில் சொன்னார்.

இதில் கலன்டமினுக்கு என்ன வேலை? அது அல்ஸைமர் மறதி நோய்க்கான மருந்து. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற இரசாயனம் சிதைவதைத் தடுக்கிறது. கனவு அதிகம் வரும் நித்திரைக் கட்டத்தில் இந்த இரசாயனம் மூளையில் கூடுதலாக இயங்கும். அதை இன்னும் கூட்டினால் கனவு தெளியும் என்பதே எண்ணம்.

2018இல் ஸ்டீபன் லபேர்ஜ் குழுவினர் இதை 121 பேரிடம் சோதித்தார்கள். 8 மில்லிகிராம் எடுத்த இரவில் 42 வீதமானோருக்கும், 4 மில்லிகிராம் எடுத்த இரவில் 27 வீதமானோருக்கும் தெளிகனவு வந்தது. மருந்தே இல்லாத வெறும் குளிசையை விழுங்கிய இரவிலும் 14 வீதமானோருக்கு வந்தது. கணக்குப் பார்ப்பவன் இந்தப் பதினான்கைக் கழித்துவிட்டுத்தான் இலாபத்தைப் பேசவேண்டும். மேலும், அவர்கள் இதில் ஆர்வம் கொண்டு பயிற்சி எடுத்தவர்கள். நாலரை மணிநேரம் நித்திரை கொண்டபின் எழும்பி, குளிசையை எடுத்து, அரைமணிநேரம் விழித்திருந்து, மனப்பயிற்சியோடு மறுபடி படுத்தவர்கள். அப்படிச் செய்தும் கூடிய அளவு எடுத்த இரவிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்குத் தெளிகனவு வரவில்லை.

இனிச் செலவுப் பக்கம். கலன்டமின் இதயத்துடிப்பைக் குறைக்கும். பீட்டா புளொக்கரும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் துடிப்பு அளவுக்கு மீறி இறங்கி மயங்கி விழலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஆபத்து உண்டு. குமட்டல், வாந்தி வரலாம். அமெரிக்காவில் சத்துக் குளிசை போல விற்றாலும், பிரான்ஸில் இது மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைக்காத மருந்து. கெட்ட கனவும் இதன் பக்க விளைவுகளில் ஒன்று. எந்தக் கனவைத் தெளிவாக்குவது என்று குளிசைக்குத் தெரியாது.

வைட்டமின் பி6 பற்றியும் சிலர் சொல்வார்கள். 2018இல் அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வில் 240 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் கனவு கூடுதலாக ஞாபகம் இருந்தது. கனவின் தெளிவு கூடவில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் விதித்த நாளாந்த உச்ச அளவு 12 மில்லிகிராம். அதைப் போல் இருபது மடங்கு! நெடுநாள் எடுத்தால் நரம்பு பழுதாகிக் கைகால் விறைக்கும். நீரிழிவுக்காரர் நிறைந்த எங்கள் சமூகத்தில், "இது சீனி வருத்தத்தால்தான்" என்று அதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள்.

அப்படியென்றால் வழியே இல்லையா? பணம் செலவழியாத வழி ஒன்று உண்டு. கெட்ட கனவின் முடிவைப் பகலில் நாம் விரும்பியபடி மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு உள்ளான 168 பெண்களிடம் நடத்தி 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கெட்ட கனவுகள் குறைந்தன. ஆனால் பழைய காயம் ஆழமாக இருந்தால் தனியே தொடங்கவேண்டாம். பாரிஸ் 11ஆம் வட்டாரத்தில் உள்ள பிரிமோ லெவி நிலையம் சித்திரவதைக்கும் அரசியல் வன்முறைக்கும் உள்ளானவர்களுக்கு 1995 முதல் இலவசமாகச் சிகிச்சை தருகிறது. மொழிபெயர்ப்பாளரும் உண்டு. குடும்ப வைத்தியரிடம், "எனக்கு நித்திரை இல்லை" என்பதோடு நிறுத்தாமல், என்ன கனவு என்பதையும் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தத் தம்பியிடம் அன்றே சொன்னேன்: "இதை வரியில் கழிக்கேலாது. முதலில் போத்தலைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் காட்டும்." காட்டினார். பீட்டா புளொக்கரோடு தொடவே வேண்டாம் என்றார்களாம்.

இப்போது வைத்தியரின் ஆலோசனையோடு ஒரு கொப்பியில் எழுதுகிறார். அதில் தமையன் ஒவ்வொரு நாளும் திரும்பிப் பார்க்கிறார். கனவில் இன்னும் திரும்பவில்லை. ஆனால் முந்தி மாதிரி நடுச்சாமத்தில் வியர்த்து எழும்புவது குறைந்திருக்கிறது என்று போன கிழமை சொன்னார்.